கொம்புத்தேனீ: உடலை அறிந்தால் கூட்டைக் காக்கலாம்

தேனீ என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் எங்கள் வளவுகளிலும் காடுகளிலும் தேன் சேர்க்கும் தேனீக்கள் ஒரு வகை அல்ல. அவற்றின் உடல் வேறு, குணம் வேறு, கூடு கட்டும் முறை வேறு. இந்த வேறுபாட்டை அறியாத காரணத்தால் தேனீக்களும் அழிகின்றன, தேனை நம்பிச் சுயதொழில் தொடங்கும் பெண்களின் காசும் உழைப்பும் வீணாகின்றன. ஆகவே இம்முறை ஒரேயொரு தேனீயைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். அதுதான் எங்கள் தேசி மரத்திலும் வேலிப் பற்றையிலும் கூடு கட்டும் கொம்புத்தேனீ.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் வீட்டுத்தோட்ட வேலைகளில் பெண்களுடன் சேர்ந்து இயங்கி வருகிறேன். என் தகப்பனார் தேன் எடுப்பவர். அவருடன் சிறு வயதில் காட்டுக்குப் போய்ப் பழகியதால் எங்கள் பக்கத்துப் பெண்கள் தேனீ பற்றிய சந்தேகங்களை என்னிடம் கேட்பது வழக்கம். மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டா:

"அக்கா, எனக்கு வாழ்வாதாரத்துக்கு எண்டு தேனீப் பெட்டி தந்தவை. பெட்டி மட்டும்தான் தந்தவை, தேனீ தரேல்லை. எங்கட தேசி மரத்தில சின்னத் தேனீ ஒண்டு கூடு கட்டியிருக்கு. உதைப் பிடிச்சுப் பெட்டிக்குள்ள விட்டா நிக்குமோ?"

பக்கத்தில் இருந்தவ சொன்னா: "நானும் ரெண்டு பெட்டிக்குக் கடன் எடுக்க யோசிக்கிறன். எங்கட பற்றைக்குள்ளயும் அதே தேனீதான் கிடக்கு."

இருவருமே கணவனை இழந்தவர்கள். இருவருக்கும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நுண்கடன் எடுத்துவிட்டு வாராவாரம் தவணை கட்ட முடியாமல் எத்தனை பெண்கள் பட்ட பாட்டை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். அதனால் இந்தக் கேள்வியை லேசாக எடுக்க எனக்கு மனம் வரவில்லை. "நிற்காது" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் நிற்காது என்பதை அந்தத் தேனீயின் உடலையும் அதன் வதையையும் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

நான்கு வகைத் தேனீக்கள்

இலங்கையில் தேனீ இனத்தைச் சேர்ந்த பூச்சிகள் ஏறத்தாழ 150 வகை உள்ளன. அவற்றுள் மனிதர் எடுக்கக்கூடிய அளவுக்குத் தேன் சேர்ப்பவை நான்கே.

முதலாவது மலைத்தேனீ. இதுவே மிகப் பெரியது, ஏறத்தாழ 17 தொடக்கம் 20 மில்லிமீற்றர் வரை நீளமானது. உயர்ந்த மரக்கொப்புகளிலும் பாறைகளிலும் பெரிய ஒற்றை வதை கட்டித் தொங்கும். சிகிரியாப் பாறையில் தொங்குவதும் இதுதான். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் சகோதரிகளைக் 'குளவி கொட்டியது' என்று செய்திகளில் வருகிறதே, பல வேளைகளில் அது குளவி அல்ல, இந்த மலைத்தேனீயே. கூட்டமாக வந்து கொட்டினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, மரப்பொந்துகளிலும் புற்றுகளிலும் கூடு கட்டும் பொந்துத் தேனீ. இருட்டான இடத்தில் பல வதைகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கட்டும். பெட்டியில் வைத்து வளர்க்கப்படுவது இந்தத் தேனீதான்.

மூன்றாவது கொசுத்தேனீ. ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் நீளமான கறுப்புப் பூச்சி. சுவர் வெடிப்பிலும் மரத்துளையிலும் இருக்கும். கொட்டுவதற்குப் பயன்படும் கொடுக்கு இதற்கு இல்லை.

நான்காவது எங்கள் கொம்புத்தேனீ. கொம்பில், அதாவது மரக்கொப்பில் கூடு கட்டுவதால் இந்தப் பெயர். சிங்களச் சகோதரர்கள் 'தண்டுவெல்' என்பார்கள். விஞ்ஞானப் பெயர் ஏபிஸ் புளோரியா. பப்ரிசியஸ் என்னும் பூச்சியியலாளர் 1787ஆம் ஆண்டில் இதற்கு இந்தப் பெயரை இட்டார்.

கைவில்லையில் பார்த்த உடல்

கூட்டுக்குக் கீழே இறந்து விழுந்து கிடக்கும் தேனீக்களைப் பொறுக்கி, வெள்ளைத் தாளில் வைத்து, பாடசாலையில் பாவிக்கும் கைவில்லையால் பார்த்திருக்கிறேன். நீங்களும் பிள்ளைகளுடன் சேர்ந்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு விஞ்ஞான பாடமும் ஆகும், உங்களுக்கு எந்தத் தேனீ என்ற சந்தேகமும் தீரும்.

வேலையாட் தேனீயின் நீளம் 7 தொடக்கம் 10 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஒரு நெல்மணியின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பூச்சிகளையும் போலத் தலை, நெஞ்சு, வயிறு என மூன்று பகுதிகள். வயிற்றைப் பார்த்தவுடனேயே இதை அடையாளம் கண்டுவிடலாம். நெஞ்சை அடுத்துள்ள வயிற்றின் முன்பகுதி செங்கல் நிறம் கலந்த சிவப்பு. அதற்குப் பின்னால் உள்ள பகுதி கறுப்பு. அந்தக் கறுப்பின் குறுக்கே வெள்ளை மயிர்க் கோடுகள் ஓடும். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்ற இந்த மூன்று நிறமும் சேர்ந்து சிறிய உடலில் தெரிந்தால் அது கொம்புத்தேனீதான். பொந்துத் தேனீயின் வயிற்றில் மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி வரும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பெட்டிக்குப் பொருத்தமான தேனீ எது, பொருந்தாதது எது என்று எட்ட நின்றே சொல்லிவிடலாம்.

தலையின் இரு பக்கமும் இரண்டு பெரிய கூட்டுக்கண்கள். உச்சியில் முக்கோணமாக மூன்று சிறிய தனிக்கண்கள். ஆக ஐந்து கண்கள். முன்னால் இரண்டு உணர்கொம்புகள். மணத்தை அறிவது இவற்றால்தான். வாயில் நீண்ட நாக்குப் போன்ற உறிஞ்சி. இந்தத் தேனீயின் உறிஞ்சி மற்றைய தேனீக்களினதை விடக் கட்டை என்பதால், ஆழமில்லாத சிறிய பூக்களில் இதற்கு வேலை அதிகம்.

நெஞ்சில் ஆறு கால்கள், நான்கு செட்டைகள். முன்செட்டையும் பின்செட்டையும் மிகச் சிறிய கொளுக்கிகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதனால் பறக்கும்போது பக்கத்துக்கு ஒரு செட்டை போலவே வேலை செய்யும். பின்கால்களின் வெளிப்பக்கம் தட்டையாகி, ஓரத்தில் மயிர்கள் வளைந்து நிற்கும். இதுதான் மகரந்தக் கூடை. பூவில் இருந்து வரும் தேனீயின் பின்காலில் மஞ்சள் உருண்டை ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது மகரந்தம்.

வேலையாட் தேனீயின் வயிற்றின் அடிப்பக்கத்தில் நான்கு சோடி மெழுகுச் சுரப்பிகள் உள்ளன. அவற்றில் இருந்து மெல்லிய செதில்களாக மெழுகு வரும். அதை வாயால் மென்று பதமாக்கித்தான் வதை கட்டுகிறது. ஒரு வதை கட்டுவது என்பது தேனீக்கு எவ்வளவு செலவு என்பதை யோசித்துப் பாருங்கள். தேனைத் தின்றுதான் அது மெழுகை உண்டாக்க வேண்டும்.

வயிற்றின் நுனியில் கொடுக்கு. இது சிறியது. மலைத்தேனீ கொட்டுவது போல இராது. கொம்புத்தேனீ பொதுவாகச் சாதுவானது. பகைக்குப் பயந்தால் முதலில் ஒரு தேனீ மெல்லிய குழல் போல ஒலி எழுப்பும். உடனே மற்றவை எல்லாம் சேர்ந்து 'ஸ்ஸ்ஸ்' என்று சீறும். அந்தச் சீறலைக் கேட்டால் ஒரு எட்டுப் பின்னால் வைப்பது நல்லது.

இராணித் தேனீ நீளமானது. அதன் வயிறு செட்டைகளைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். முட்டையிடுவதே அதன் வேலை என்பதால் பின்காலில் மகரந்தக் கூடை இல்லை. ஆண் தேனீ கறுப்பு நிறம், தடித்த உடல், மிகப் பெரிய கண்கள். அதன் பின்காலில் ஒரு விசேடம் இருக்கிறது. எங்கள் கைப் பெருவிரல் பிரிந்து நிற்பது போல ஒரு கிளை அந்தக் காலில் பிரிந்து நிற்கும். இராணியுடன் வானத்தில் கூடும்போது அதன் காலைப் பற்றிக்கொள்ள இது உதவுகிறது. ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை.

கொப்பில் தொங்கும் ஒற்றை வதை

கொம்புத்தேனீ பொந்துக்குள் போகாது. மெல்லிய ஒரு கொப்பைத் தெரிந்து, வெளிச்சம் படும் ஆனால் இலை நிழல் உள்ள இடத்தில் ஒரேயொரு வதை கட்டும். பெரும்பாலும் நிலத்தில் இருந்து கைக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கும். தேசி, பூவரசு, கிளுவை வேலி, காரைப் பற்றை, சூரைப் பற்றை எல்லாவற்றிலும் நான் கண்டிருக்கிறேன். வதை ஓர் உள்ளங்கை அளவில் இருந்து இரண்டு கை விரித்த அளவு வரை வளரும். அதில் சில ஆயிரம் தேனீக்கள் வாழும்.

வெளியில் இருந்து பார்த்தால் வதை தெரியாது, தேனீக்கள்தான் தெரியும். வேலையாட் தேனீக்களில் பெரும்பகுதி ஒன்றன் மேல் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, வதையை மூடித் திரைச்சீலை போலத் தொங்கும். வெயில், மழை, காற்று எல்லாவற்றையும் தாங்குவது இந்த உடல்கள்தான். சுவரும் கூரையும் இல்லாத கூட்டுக்கு அவர்களே சுவர், அவர்களே கூரை. வெக்கை கூடினால் திரையை ஐதாக்கிச் செட்டையால் விசிறும். தண்ணீர்த் துளி கொண்டுவந்தும் குளிர்மையாக்கும்.

வதையின் மேல்பகுதி கொப்பைச் சுற்றித் தடித்து, வீங்கியது போல இருக்கும். தேன் இருப்பது அங்கேதான். அதற்குக் கீழே ஒரு பட்டியாக மகரந்தம். அதற்குக் கீழே உள்ள மெல்லிய தட்டையான பகுதி முழுவதும் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் கொண்ட குஞ்சு வதை. அறை ஒன்றின் அகலம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான். முட்டை வேலையாட் தேனீயாக வெளியே வர ஏறத்தாழ 20 நாட்கள் செல்லும். தேன் மேலே, மகரந்தம் நடுவே, குஞ்சு கீழே என்ற இந்த ஒழுங்கை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேன் எடுக்கும் முறையைச் சொல்லும்போது இது தேவைப்படும்.

எறும்பு, அதுவும் முசுறு, இந்தக் கூட்டுக்குப் பெரிய எதிரி. அதனால் வதையின் இரு பக்கமும் கொப்பைச் சுற்றி மரப்பிசினை வளையமாகப் பூசி வைக்கும். பிசின் காய்ந்தால் புதிதாகப் பூசும். எறும்பு அதில் கால் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அலுமாரிக் காலுக்குக் கீழே தண்ணீர்க் கோப்பை வைத்து எறும்பைத் தடுக்கிறோமே, அதே வேலைதான்.

வதையின் தலைப்பகுதி மேசை போலச் சற்றுத் தட்டையாக இருக்கும். அதற்கும் ஒரு காரணம் உண்டு. பூக்கள் உள்ள இடத்தைக் கண்டுவந்த தேனீ, அந்த மேடையில் நின்று நடனமாடி மற்றவர்களுக்குத் திசை காட்டும். 1950களில் மார்ட்டின் லிண்டவர் என்ற ஜேர்மனிய ஆய்வாளர் இலங்கைக்கு வந்து எங்கள் தேனீக்களின் நடனங்களை ஆராய்ந்து, 1956இல் அதை வெளியிட்டார். பொந்துத் தேனீயும் மலைத்தேனீயும் செங்குத்தான வதையில் ஆடுகின்றன. கொம்புத்தேனீயோ கிடையான மேடையில் நின்று, பூ இருக்கும் பக்கத்தையே நேராகக் காட்டி ஆடுகிறது. அதற்கு வானமும் சூரியனும் தெரிய வேண்டும். லிண்டவரின் ஆசான் கார்ல் வொன் பிரிஷ், தேனீக்களின் நடன மொழியை விளக்கியவர். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெட்டிக்குள் ஏன் நிற்காது?

இப்போது அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு வருவோம். தேனீப் பெட்டி என்பது மரப்பொந்தின் மாதிரி. உள்ளே இருட்டு. பல சட்டங்கள் அடுக்காக நிற்கும். பொந்துத் தேனீ இயற்கையிலேயே இருட்டில் பல வதை கட்டுவதால் பெட்டியைத் தன் வீடாக ஏற்றுக்கொள்கிறது.

கொம்புத்தேனீ ஒற்றை வதைக்காரி. திறந்த வெளியில் கொப்பைச் சுற்றிக் கட்டுவது அதன் பிறவிப் பழக்கம். திசை காட்டி ஆடுவதற்கு அதற்கு வெளிச்சமும் மேடையும் வேண்டும். பெட்டிக்குள் இவை இல்லை. ஆகவே பிடித்து அடைத்தால் ஓரிரு நாளில் கூட்டமாகப் பறந்துவிடும், அல்லது உள்ளேயே அழிந்துபோகும். இது உங்கள் கைராசியின் குறை அல்ல. அந்தத் தேனீயின் உடலும் பழக்கமும் அப்படி அமைந்திருக்கிறது.

அதனால் கொம்புத்தேனீக் கூடு வளவில் இருக்கிறது என்பதை நம்பிப் பெட்டி வாங்கக் கடன் எடுக்காதீர்கள். பெட்டி கிடைத்துவிட்டது என்றால், பொந்துத் தேனீக் கூட்டத்தை எப்படிப் பெறுவது, யார் பழக்கித் தருவார்கள் என்பதைப் பெட்டி தந்தவர்களிடமும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அன்று கூட்டத்தில் கடன் பற்றி யோசித்த சகோதரி அந்த யோசனையைக் கைவிட்டு, முதலில் தோட்டத்தைக் கவனிப்போம் என்று முடிவெடுத்தா.

பழைய வீட்டு மெழுகு

பூக்கள் குறைந்தால், வெக்கை தாங்காவிட்டால், எறும்போ மனிதரோ தொல்லை கொடுத்தால் கொம்புத்தேனீ கூட்டமாக இடம்பெயரும். புதிய இடம் கிட்டவாக இருந்தால் ஒரு வேலை செய்யும். பழைய வதைக்குத் திரும்பி வந்து, அதன் மெழுகைக் கடித்தெடுத்து, மகரந்தம் கொண்டுபோகும் அதே பின்கால் கூடையில் வைத்துக் காவிச் சென்று புதிய வதை கட்டும்.

இதை எங்கள் சங்கத்தில் சொன்னபோது சிறிது நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு வயதான ஒரு அம்மா, "நாங்களும் கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழட்டிக்கொண்டுதானே பிள்ளை ஓடினனாங்கள்" என்றா. 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் அதே தகரத்தை மேலே போட்டுக்கொண்டு இருந்தவர்கள் எங்களில் பலர். புதிதாக ஒன்றை உண்டாக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை அறிந்தவர்களுக்கு, பழைய மெழுகின் பெறுமதியும் விளங்கும்.

அதனால்தான் சொல்கிறேன், தேனீக்கள் விட்டுப் போன வெறும் வதை என்று உடனே பிடுங்கி எறிய வேண்டாம். சில நாட்கள் விட்டு வையுங்கள். அவை வந்து மெழுகெடுக்கக்கூடும்.

எட்டும் உயரத்தில் தேன்

'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற் போல' என்று ஒரு பழமொழி இருக்கிறது. எட்டாததற்கு ஆசைப்படுவதை இகழச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பழமொழியில் உடன்பாடு இல்லை. எங்கள் கிராமத்தில் 2009இல் செல் விழுந்து ஒரு காலை இழந்த சகோதரி ஒருவர் இருக்கிறா. அவவின் வளவில் தேசி மரத்தில் கொம்புத்தேனீ கூடு கட்டியிருந்தது. உயரம் அவவின் நெஞ்சளவுதான். கதிரையில் இருந்தபடியே அவ தேன் எடுத்தா. அதுவும் கூட்டை அழிக்காமல் எடுத்தா.

எங்கள் பக்கத்தில் வழமையாக நடப்பது என்ன? பந்தத்தை நீட்டித் தேனீக்களை எரித்து, கொப்போடு முறித்து, வதை முழுவதையும் பிழிந்துவிடுவார்கள். தேனுடன் புழுவின் சாறும் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட தேன் சீக்கிரம் புளித்துப்போகும். கூட்டமும் அத்துடன் முடிந்துவிடும். கிடைப்பதோ சில நூறு கிராம் தேன்தான். கொம்புத்தேனீயின் ஒரு வதையில் ஒரு கிலோவுக்கு மேல் தேன் கிடைப்பது அரிது.

ஓமான் நாட்டில் மக்கள் நெடுங்காலமாகவே இதே கொம்புத்தேனீயை அழிக்காமல் பராமரித்து வருகிறார்கள். தேன் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, குஞ்சு வதையைப் பிளந்த குச்சியின் நடுவே பொருத்தி மீண்டும் தொங்கவிடுவது அவர்கள் முறை. அதையே நாங்களும் பின்பற்றலாம். வதையின் ஒழுங்கு உங்களுக்கு இப்போது தெரியும் என்பதால் விளங்கிக்கொள்வது சுலபம்.

1. பூக்கள் நிறைந்துள்ள காலத்தில் மட்டும் எடுங்கள். பூ இல்லாத காலத்தில் எடுத்தால் தேனீக்கள் பட்டினி கிடந்து போய்விடும்.

2. வெயில் தணிந்த மாலை நேரத்தில், பொச்சில் நெருப்பு மூட்டி, சுவாலை இல்லாமல் புகையை மட்டும் மெல்லக் காட்டுங்கள். தேனீக்கள் வதையை விட்டு விலகிக் கொப்பில் ஒதுங்கும்.

3. மேலே தடித்திருக்கும் பகுதிதான் தேன். அதற்குக் கீழே, மகரந்தப் பட்டி குஞ்சு வதையோடு சேர்ந்து நிற்கும்படி, கூரான கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். குஞ்சு வதையைக் கையில் ஏந்திக்கொள்ளுங்கள். அழுத்த வேண்டாம். இராணி அதில் நிற்கிறதா என்று பாருங்கள்.

4. பனை மட்டைச் சிம்பு ஒன்றையோ மூங்கில் சிம்பு ஒன்றையோ முன்கூட்டியே இரண்டாகப் பிளந்து வைத்திருங்கள். குஞ்சு வதையின் மேல் விளிம்பை அதன் நடுவே வைத்து, இரண்டு நுனியையும் நூலால் கட்டி, அதே இடத்தில், அதே பக்கம் பார்க்கத் தொங்கவிடுங்கள்.

5. கொப்பைச் சுற்றியுள்ள தேன் வதையைப் பிறகு எடுங்கள். மெழுகால் மூடிய அறைகளில் உள்ள தேனே முற்றிய தேன். பிழியாமல், சுத்தமான துணியில் வைத்து வடியவிடுங்கள். தண்ணீர் படாத போத்தலில் சேகரியுங்கள்.

தேனீக்கள் திரும்பி வந்து குஞ்சு வதையை மூடிக்கொண்டால், சிம்போடு மெழுகால் ஒட்டிவிடும். மீண்டும் மேலே தேன் சேர்க்கத் தொடங்கும். எல்லா முறையும் அவை நிற்கும் என்று சொல்ல முடியாது. சில வேளை விட்டுவிட்டுப் போகும். ஆனால் எரித்தால் ஒருபோதும் இல்லை, இப்படிச் செய்தால் இன்னொரு முறைக்கு இடமிருக்கிறது. கதிரையில் இருந்து எடுத்த சகோதரியின் தேசி மரத்தில் அந்தக் கூட்டம் நின்றது. அடுத்த தடவையும் அவ எடுத்தா. "பெரிய வருமானமில்லை அக்கா. ஆனா பிள்ளையின்ர கொப்பி வாங்கக் காணும். ஆரிட்டயும் கேக்கேல்லை" என்றா.

கவனிக்க வேண்டியவை

தேன் தேடிக் காட்டுக்குள் போகிறவர்கள், மிதிவெடி அடையாளமிட்ட இடங்களுக்குள் ஒருபோதும் கால் வைக்காதீர்கள். நன்கு பழகிய பாதையை விட்டு விலகாதீர்கள். வளவில் உள்ள கூடே போதும்.

தேனீ கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டு, குளிர்ந்த நீரால் கழுவுங்கள். உடம்பெல்லாம் தடித்தல், முகம் வீங்குதல், மூச்சு முட்டுதல், தலைசுற்று என்பன வந்தால் நாட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். முன்பு கொட்டியபோது இப்படி ஆனவர்கள் கூட்டுக்குக் கிட்டப் போகவே வேண்டாம்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் நாவில் தடவக் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கும் ஒரு கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் வற்புறுத்தினாலும் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மரக்கறிக்கு மருந்தடிக்கும்போது பூத்திருக்கும் நேரத்தையும் காலை வேளையையும் தவிருங்கள். வெள்ளரி, பூசணி, எள்ளு, தேசி எல்லாவற்றின் பூவிலும் இந்தச் சிறிய தேனீ வேலை செய்கிறது. தேனாக அது தருவது சில நூறு கிராம். காயாகவும் விதையாகவும் தருவதை நிறுத்துப் பார்க்க எங்களிடம் தராசு இல்லை.

சகோதரிகளே, மீள்குடியேறிய காலத்தில் காடாகிக் கிடந்த வளவுகளை வெட்டித் துப்புரவாக்கியவர்கள் நாங்கள். இன்னும் பல காணிகளில் பற்றை வெட்டும் வேலை இருக்கிறது. கத்தியை ஓங்கும் முன் கொப்புகளுக்குள் ஒருமுறை குனிந்து பாருங்கள். கறுப்பாக, உள்ளங்கை அளவில், அசைந்துகொண்டு ஏதாவது தொங்கினால் சிவப்பு வயிறு தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் அந்த ஒரு பற்றையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். ஒரு பற்றை நின்றால் வளவு சிறுத்துப்போகாது.